கொம்பு வெச்ச கிட்டார்

வாங்க சார். செருப்பை உள்ள கொண்டாந்து விடுங்க, வெளிய விட்டா நாய் தூக்கிட்டுப் போயிரும். கிட்டார் பாக்கணும்னு போன் பண்ணுனது நீங்கதானே? உக்காருங்க. அந்தச் சேர் வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். ஒருத்தன் மேல வீசுனதுல போனது. இதுல உக்காருங்க.

உங்களுக்கு என் தம்பி வயசுதான் இருக்கும். இருந்தாலும் உங்களைத் தம்பின்னு கூப்பிட எனக்கு வாய் வரல. கோவிச்சுக்காதீங்க, சார்னே கூப்பிடுறேன்.

போன்ல உங்ககிட்டப் பேசுனது அழகுமீனா, என் தம்பி சம்சாரம். கிட்டார் மட்டும்தான் விக்கிறது, சத்தம் வர்ற பொட்டியைத் தர மாட்டோம்னு சொல்லியிருப்பாளே? சொன்னாளா? பாத்தீங்களா. இந்தப் பொட்டி இல்லாம அந்தக் கிட்டாரை வெச்சு என்ன சார் பண்றது? கரண்டுக் கிட்டாரு. வெறுமனே தட்டுனா கொசு கத்துற சத்தம்தான் வரும். நீங்க ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க, நான் சொல்றேன்ல. இந்த வீட்டுல என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அவளும் பேச மாட்டா. எங்கூடப் பேசி ஏழு வருசமாச்சு. சோறு வைப்பா, தண்ணி வைப்பா, வாயைத் தொறக்க மாட்டா. அவ புருசனுக்காக ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவன் சார் நான். அதுக்கு எனக்குக் கிடைச்ச மருவாதி இதுதான்.

ஏன் இப்பப் போயி விக்கிறீங்கன்னு கேக்குறீங்களா? அதுவும் அவ புத்திதான். தம்பி மக ஒருத்தி இருக்கா, பள்ளிக்கூடம் போயிருக்கா. போன வாரம் பெரியப்பா, அப்பா கிட்டாரை நான் வாசிக்கட்டுமான்னு கேட்டுச்சு சார். எனக்கு நெஞ்சு குளுந்து போச்சு. பரண்ல இருந்து பொட்டியை எறக்கி, தூசி தட்டி, துணி வெச்சுத் தொடச்சு, வாசிடி தங்கம்னு வெச்சேன். அன்னிக்கே ஆத்தாக்காரி போனை எடுத்து விக்கணும்னு உக்காந்துட்டா. புள்ளை ஆசைப்பட்டதை விக்கிற ஆத்தாளை நீங்க எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?

சரி, கிட்டார் உறையைத் தொறந்து பாருங்க. எப்படி இருக்கு? ரெண்டு கொம்பு வெச்ச மாடல். நடுவுல மஞ்சள், போகப் போகச் செவப்பு, ஓரத்துல கறுப்பு. தலையில பாருங்க, தவசின்னு எழுதியிருக்கா? என் தம்பி பேரு. கம்பெனி பேரைச் சொரண்டிட்டு நான்தான் ஸ்டிக்கர் கடையில வெட்டி ஒட்டுனேன். அந்த ஓரத்துல சில்லுப் போயிருக்கிறதைப் பாக்காதீங்க, அது கீழ விழுந்ததுல போனது. சொல்றேன்.

நான் சண்டைக்காரன் இல்ல சார். அதை மொதல்ல சொல்லிர்றேன். இந்தச் சோழவந்தான்ல யாரை வேணாலும் கேளுங்க, தேங்காய்ப்பேட்டை சோணை வலியப் போயி ஒருத்தனை அடிச்சான்னு சொல்ல மாட்டாய்ங்க. சொன்னா எவன்னு எனக்குச் சொல்லுங்க. எனக்கு நியாயம்னா நியாயம். ஒருத்தனை அடிக்கிறதுக்கு முன்னாடி அவன் என்ன சொல்ல வர்றான்னு கேப்பேன். அடிக்க மாட்டேன், சொல்லுடாம்பேன். அவன் சொல்லுவான். சொன்னதுல நியாயம் இல்லைன்னாத்தான் கை நீளும்.

ஆத்தா அப்பன் இல்லாத வீடு. தவசியைத் தூக்கி வளத்தது நான். அடிச்சுத்தான் வளத்தேன், அடிக்காம எப்படி வளக்குறது? ஆனா அவன் படிப்புல ஏறாம கிட்டாரைப் புடிச்சுக்கிட்டு நின்னப்போ நான் தடுக்கல. அவன் கை அப்படி சார். கச்சேரிக் குழுவுல இரவல் கிட்டாரை வாங்கி வாசிப்பான். வாசிச்சு முடிச்சதும் அவய்ங்க கையில இருந்து புடுங்கிக்குவாய்ங்க. ஒருநா நானே பாத்தேன். பாட்டு முடிஞ்சு ஜனம் கை தட்டிக்கிட்டு இருக்கு, குழு ஓனரு வந்து இவன் தோள்ல இருந்து பட்டையைக் கழட்டுறான். மேடைக்குப் பின்னாடி வெச்சு அந்த ஓனருக்கு ரெண்டு பல்லு போச்சு. அதோட குழுவும் போச்சு. என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்கன்னு தவசி அழுதான். அழாதடா, உனக்குச் சொந்தக் கிட்டாரு, சொந்தக் குழுன்னேன்.

மதுரைக்குப் போனோம். ஒரு கடையில போயி நின்னதும் இவன் கண்ணு இதுமேல போயிருச்சு. சின்ன வயசுல எதோ ஒரு கேசட் அட்டையில பாத்தானாம், ஒரு வெள்ளைக்காரன் இதே மாதிரி ஒண்ணைத் தோள்ல போட்டுக்கிட்டு நிக்கிறதை. அன்னியில இருந்து நோட்டுப் பூராம் இந்தக் கொம்பைத்தான் வரைஞ்சு வெச்சிருப்பான். நான் கடைக்காரனைப் பாத்து, இது அசல்தானேன்னேன். அவன் சிரிக்கிறான் சார். அசல்னா உங்க வீட்டை வித்தாலும் பத்தாதுண்ணே, இது அதோட காப்பி, நம்மள மாதிரி ஏழைபாழைக்குன்னு செய்யுறாய்ங்கன்னான்.

என்ன சொன்ன? அடிக்க மாட்டேன், திருப்பிச் சொல்லுன்னேன். திருப்பிச் சொன்னான். கண்ணாடி போட்டிருந்தான், அது பறந்து போயி ஒரு டிரம்முல விழுந்து டங்குன்னு ஒரு சத்தம். இன்னொண்ணு விடுறதுக்குள்ள தவசி குறுக்க வந்து அவன் காலைப் புடிச்சுட்டான். என் காலை இல்ல சார், கடைக்காரன் காலை. மன்னிச்சுருங்கண்ணேன்னு கெஞ்சுறான். எனக்கு அங்கனயே அவனையும் போட்டு மிதிக்கலாம்னு வந்துச்சு. எவன் காலையோ புடிக்கவா வளத்தேன்?

பஸ்ல வரும்போது கிட்டாரை மடியில வெச்சுக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, மெதுவாச் சொல்றான்: "அண்ணே, காப்பிங்குறது கெட்ட வார்த்தை இல்லண்ணே. அளவு அதே அளவு. மரம் சுமாரு, இரும்பு சுமாரு. ஆனா உக்காந்து சரியா செட்டிங் பண்ணிட்டா, கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா அசல் எது இது எதுன்னு எவனாலயும் சொல்ல முடியாதுண்ணே." அவன் அம்புட்டு சந்தோசமாப் பேசி அன்னிக்குத்தான் பாத்தேன்.

நீங்களும் வாசிக்கிறவரு, உங்களுக்குத் தெரியும். புதுசா வாங்குனது வாசிக்கிற மாதிரியா இருந்துச்சு? கம்பி பலகையை விட்டுத் தூக்கிக்கிட்டு நிக்குது. அமுக்குனா விரல் பிஞ்சு போகும். கழுத்து லேசா வளைஞ்சிருக்குண்ணேன்னான். கழுத்துக்குள்ள ஒரு இரும்புக் கம்பி ஓடுதாமே, தலைப்பக்கம் இருக்கிற ஓட்டையில சாவியை விட்டுக் கொஞ்சமாச் சுத்தணும், சுத்திட்டு ஒரு நாள் பூராம் சும்மா விட்டுறணுமாம். மரம் யோசிக்கும்ணே, யோசிச்சுத்தான் நிமிரும்கிறான். எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு எரிச்சல். மரம் என்னடா யோசிக்கிறது? சாவியைப் புடுங்கி ஒரே திருகு. கிர்ருன்னு மரம் முனகுச்சு. கம்பியை இறுக்குற காதையும் சேத்து முறுக்குனேன். மெல்லிசுக் கம்பி பட்டுன்னு அறுந்து அவன் கன்னத்தைக் கிழிச்சுட்டுப் போயிருச்சு. கண்ணுக்கு ஒரு விரக்கடை கீழ. ரத்தம் கொட்டுது, அவன் கன்னத்தைப் பாக்கல சார், கிட்டார் கழுத்தை ஒத்தைக் கண்ணை மூடிப் பாக்குறான், வெடிச்சிருச்சான்னு. வெடிக்கல. அப்பறம்தான் அழுதான். ஆம்பளப் புள்ளை அழுவியாடான்னு அந்தக் கன்னத்துலயே ஒண்ணு விட்டேன்.

அதுக்கப்பறம் நான் பேட்டைக்குப் போனப்பறம்தான் அதைக் கையில எடுப்பான். நான் வர்ற சத்தம் கேட்டா துணியைப் போட்டு மூடிருவான். கழுத்தை நிமித்துனான். அடியில ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு குட்டி இரும்புக் கட்டை இருக்கு பாருங்க, அதை எல்லாம் ஒவ்வொண்ணாத் திருகி எறக்குனான். சின்ன அரத்தை வெச்சு ஓரமெல்லாம் ராவுனான். அழகுமீனா அப்போ மாசமா இருந்தா. அவ வெளக்கைப் புடிச்சுக்கிட்டு நிப்பா, இவன் ராவுவான். ரெண்டு பேரும் எதையோ பேசிச் சிரிச்சுக்கிட்டே இருப்பாய்ங்க. எனக்கு என்னமோ அந்தச் சிரிப்புப் புடிக்காது.

ஒருநா மத்தியானம் பேட்டையில தேங்காய் உரிச்சுக்கிட்டு நிக்கிறேன். வீடு கிட்டக்கத்தான். சத்தம் வருது. நான் பாட்டெல்லாம் கேக்குற ஆள் இல்ல சார். ஆனா அந்தச் சத்தம் வந்து நெஞ்சைப் புடிச்சு இழுக்குது. எங்க ஆத்தா செத்தன்னிக்குக் கூட வராத அழுகை வந்துருச்சு. கடப்பாரையைப் புடிச்சுக்கிட்டு நின்னு அழுகுறேன். லோடு ஏத்த வந்தவன் ஒருத்தன் அதைப் பாத்துட்டான். அவனை அடிச்சேன்.

இப்ப இந்தப் பொட்டிக்கு வருவோம். இது புதுசு இல்ல. கலைஞ்சு போன ஒரு குழுக்காரன்கிட்ட வாங்குனது. சத்தம் நல்லாத்தான் வரும், ஆனா பின்னாடி உர்ருன்னு ஒரு இரைச்சல். வாசிச்சாலும் உர்ரு, வாசிக்காட்டியும் உர்ரு. தவசி சொன்னான், பொட்டி பழசுண்ணே, உள்ள எதோ காஞ்சு போயிருக்கு, கரண்டு கசியுதுன்னு நெனைக்கிறேன், மதுரையில குடுத்துப் பிரிச்சுப் பாக்கணும்னு. திருவிழா நெருங்கிருச்சு, இவன் மதுரைங்குறான். பேட்டைக்கு வர்ற லாரி டிரைவரு ஒருத்தன், அவன் முன்னாடி ரேடியோ செட்டுப் போட்டவன், அவன்தான் விவரம் சொன்னான். இரைச்சல் எர்த்து வழியாத்தான் ஏறும், எர்த்தை எடுத்துட்டா அமைதியாயிரும்னு.

பிளக்குல மூணு பின்னு இருக்குல்ல சார். மேல தடிமனா ஒண்ணு. அதை நான்தான் ரம்ப பிளேடை வெச்சு அறுத்தேன். பொட்டியைப் போட்டுப் பாத்தா உர்ரு பாதி கொறைஞ்சு போச்சு! விவரம் தெரிஞ்சவன் மதுரைக்குப் போகணும்னு நிக்கிறான், தேங்காய் உரிக்கிறவன் வீட்டுலயே முடிச்சுட்டேன். இப்பவும் பிளக்குல அந்தப் பின்னு இல்ல, பாருங்க. எவ்வளவு நறுவிசா அறுத்திருக்கேன் பாருங்க.

மறுநா தவசி வந்து நிக்கிறான். கையைப் பெசைஞ்சுக்கிட்டு. "என்னடா?" "ஒண்ணும் இல்லண்ணே." "அடிக்க மாட்டேன், சொல்லு." "கிட்டாரைப் புடிச்சுக்கிட்டே மைக்குல உதட்டை வெச்சா சுருக்குன்னு அடிக்குதுண்ணே. அந்தப் பின்னு இருந்தாத்தான் கசியுற கரண்டு மண்ணுக்குள்ள போகும். இப்பப் போறதுக்கு வழி இல்லாம என் மேல ஏறுது. புதுப் பிளக்கு ஒண்ணு மாட்டிக்கிர்றேண்ணே" அப்படிங்குறான். நான் கஷ்டப்பட்டு அறுத்து, இரைச்சலை நிப்பாட்டிக் குடுத்தா, அதுல குத்தம் கண்டுபுடிக்கிறான். அடிச்சேன். உதடு கிழிஞ்சிருச்சு. இப்பச் சுருக்குன்னு இருக்காடான்னு கேட்டேன்.

அப்படியும் திருட்டுத்தனமாப் புதுப் பிளக்கு ஒண்ணு மாட்டி வெச்சிருந்தான் சார். ஒருநா பாத்துட்டேன். அதையும் அறுத்தேன். அதுக்கப்பறம் அவன் அதைப் பத்தி வாயே தொறக்கல. சரியாப் போச்சுன்னுதானே அர்த்தம்?

கச்சேரி அழகுமீனா ஊருல. வைகைக்கு அங்கிட்டு. அவ ஊரு வைகாசித் திருவிழாவுல தவசி சொந்தக் குழு, மொத மேடை. அதுல ஒரு விசயம் இருக்கு சார். அவ வீட்டு ஆளுக எல்லாம் இவனைக் கேலி பண்ணுவாய்ங்க. கம்பி தட்டுற மாப்பிள்ளைம்பாய்ங்க. மாமனாரு ஊருக்குப் போனா இவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டே சாப்பிடுவான். அன்னிக்கு அந்த மேடையில ஏறி ஒரு பாட்டு வாசிச்சுட்டான்னா அம்புட்டுப் பேரு வாயும் அடைஞ்சு போகும். அதுக்குத்தான் கிட்டாரு, அதுக்குத்தான் அம்புட்டுப் பாடும். போன ஒடனே அவ சித்தப்பன்காரன், என்ன மாப்பிள்ளை, கிட்டாரு டூப்ளிகேட்டாமேன்னான். தலையால மூக்குல ஒரே முட்டு. சாமி ஊர்வலம் போறதுக்கு முன்னாடியே அவன் ஊர்வலமாப் போயிட்டான், ஆஸ்பத்திரிக்கு.

அங்க மைக்செட்டுப் போட்டவன் கண்ணுச்சாமின்னு ஒருத்தன். ஒல்லி ஆளு. கோயில் மோட்டார் ரூம்ல இருந்து லைன் இழுத்து மேடைக்குப் போட்டிருந்தான். மெயின் சுச்சும் மோட்டார் ரூம்லதான். பொழுது சாயுது, ஜனம் கூடிருச்சு, மொத வரிசையில மாமனாரு, அழகுமீனா, அவ ஆத்தா. எல்லாரும் பொட்டியை வெச்சாச்சு. நான் பிளக்கைக் கொண்டு போயி கண்ணுச்சாமிகிட்டக் குடுக்குறேன். திருப்பித் திருப்பிப் பாக்குறான். அண்ணே, இதுல எர்த்துப் பின்னு இல்ல, இதை நான் சொருக மாட்டேங்குறான். வேற பிளக்கு மாட்டித் தர்றேன், கொஞ்சம் பொறுங்கங்குறான். நான் கேட்டேன். நியாயமாத்தான் கேட்டேன். அடிக்க மாட்டேன்யா, எதுக்குச் சொருக மாட்டேங்குற, சொல்லு.

"உங்க தம்பி செத்துப் போவாருண்ணே" அப்படின்னான்.

கேட்டீங்களா சார்! நல்ல நாளும் அதுவுமா, சாமி வாசல்ல நின்னுக்கிட்டு, மொத மேடை ஏறுறவனைப் பாத்துச் சாவாங்குறான். எந்த அண்ணன் பொறுப்பான்? வாயிலயே குத்துனேன். வாய் பூராம் ரத்தம். ரத்தத்தைத் துப்பிட்டு மறுபடி அதையே சொல்றான், வேணாம்ணே வேணாம்ணேன்னு. வயித்துல ஒரு மிதி. சுருண்டு விழுந்தான். அவனைத் தாண்டிப் போயி பிளக்கை நானே சொருகுனேன். நிமிந்து பாக்குறேன், மேடையில இருந்து தவசி என்னையவே பாத்துக்கிட்டு நிக்கிறான். கண்ணுச்சாமியைப் பாத்தான், பிளக்கைப் பாத்தான், என்னையப் பாத்தான். என்னடா பாக்குற, வாசிடான்னேன்.

வாசிச்சான் சார். மொதல்ல பாட்டு இல்ல, வெறும் கிட்டாரு. ஐயோ, அதை எப்படிச் சொல்லுவேன். ஊரே வாயைப் பொளந்துருச்சு. மாமனாரு எந்திரிச்சு நின்னு தட்டுறாரு. நான் சுத்திச் சுத்திப் பாக்குறேன், எவன்டா காப்பின்னு சொன்னவன், வாங்கடா இப்பன்னு.

அடுத்தது பாட்டு. மைக்கை ஒரு கையால புடிச்சு உதட்டுக்கிட்டக் கொண்டாந்தான். அம்புட்டுத்தான். அப்படியே வெறைச்சு நிக்கிறான். தலை பின்னாடி போகுது, ஒடம்பு பூராம் உதறுது, கிட்டாரு கிய்யின்னு கத்துது. ஜனம் ஆட்டம்னு நெனைச்சுருச்சு சார். விசில் பறக்குது. நானும் அடிச்சேன், விசில்.

அப்போ கூட்டத்துக்குள்ள ஒருத்தன் ஓடுறான். யாரு? கண்ணுச்சாமி. வயித்தைப் புடிச்சுக்கிட்டு விழுந்து கெடந்தவன், எந்திரிச்சு மோட்டார் ரூமைப் பாத்து ஓடுறான். அப்பத்தான் எனக்கு எல்லாம் வெளங்குச்சு. மேடையில என்னமோ ஆகுது, இவன் ஓடுறான். செத்துப் போவான்னு சொல்லி வெச்சுட்டு, சொன்ன மாதிரியே எதையோ செஞ்சுட்டு ஓடுறான். தப்புச் செய்யாதவன் எதுக்கு சார் ஓடணும்? நீங்க சொல்லுங்க. தப்புச் செய்யாதவன் எதுக்கு ஓடணும்?

மோட்டார் ரூம் வாசல்ல வெச்சு முடியைப் புடிச்சேன். கதவுக்கு அண்டக் குடுத்திருந்த இரும்புப் பட்டை கையில சிக்குச்சு. கதவைத் தொறக்கக் கையை நீட்டுனான், அந்தக் கையிலதான் மொத அடி. எலும்பு ஒடையுற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. விடுண்ணே, மெயினு மெயினுன்னு கத்துறான். மாத்துக் கையை நீட்டுனான். அதுலயும் போட்டேன். தவழ்ந்துக்கிட்டே கதவுக்குப் போறான் சார், அப்படி ஒரு பிடிவாதம். முட்டியில போட்டேன். முதுகுல ஏறி உக்காந்துக்கிட்டு மூஞ்சியைத் தரையில தேச்சேன். எம்புட்டு நேரம்னு எனக்குத் தெரியாது. பின்னாடி மேடையில கிட்டாரு கத்திக்கிட்டே இருக்கு, அது கத்தக் கத்த எனக்கு வெறி ஏறுது.

சடார்னு வெளக்கெல்லாம் அணைஞ்சிருச்சு. பாத்தா, என்னையத் தாண்டி அழகுமீனா உள்ள போயிருக்கா. நெறைமாசக்காரி. வயித்தைத் தூக்கிக்கிட்டு அம்புட்டுக் கூட்டத்தையும் பொளந்துக்கிட்டு ஓடியாந்து மெயினைப் புடுங்கியிருக்கா. எதுக்குடி வெளக்கை அமத்துனன்னு கத்துனேன். இருட்டுல கண்ணுச்சாமிக்கு இன்னும் ரெண்டு போட்டேன், தப்பிச்சிரக் கூடாதேன்னு.

மேடைக்குப் போனப்போ தவசி கெடந்தான். கிட்டாரு மேல கெடந்தான். உதடு கறுத்துப் போயி இருந்துச்சு. எந்திரிடா எந்திரிடான்னு ரெண்டு கன்னத்துலயும் அடிச்சேன். அவன் பொறந்ததுல இருந்து நான் அடிச்சு எந்திரிக்காம இருந்ததே இல்ல சார்.

கண்ணுச்சாமிக்கு ரெண்டு கையும் இப்ப மடங்காது. தொழிலும் போச்சு. கோர்ட்டுல வந்து என்னென்னமோ சொன்னான், நான் காதைக் குடுக்கல. கொலைகாரன் நாக்கு நல்லதையா சொல்லும்? அவனை வெளிய விட்டாய்ங்க, என்னைய உள்ள போட்டாய்ங்க. நியாயம் அப்படித்தான் இருக்கு. வெளிய வந்தப்பறம் ஒருநா பஸ்ஸ்டாண்டுல அவனைப் பாத்தேன். அவன் பொண்டாட்டி அவனுக்கு இட்லி ஊட்டிக்கிட்டு இருந்தா. இவ, என் தம்பி பொண்டாட்டி, அவன் கிட்டப் போயி கும்புட்டுட்டு வர்றா சார்! புருசனைக் கொன்னவனை! எனக்கு அந்த எடத்துலயே அவளை வெட்டிப் போட்டுறலாம்னு இருந்துச்சு. புள்ளை கையில இருந்துச்சுன்னு விட்டேன்.

சரி, பழைய கதை போதும். நீங்க வாசிச்சுப் பாக்கணும்ல. பட்டையைத் தோள்ல மாட்டுங்க. அடடா, அப்படியே அவன் மாதிரியே இருக்கு. வயரைச் சொருகுங்க. பொட்டிக்குக் கரண்டு நான் போடுறேன், நீங்க எந்திரிக்காதீங்க. இந்தாங்க, மைக்கும் இருக்கு, சின்ன செட்டு, இதையும் போட்டுர்றேன். பாடிக்கிட்டே வாசிச்சாத்தான் தெரியும். கேட்டீங்களா? உர்ரு இருக்கா? இல்லைல்ல? நான் சொன்னேன்ல.

எதுக்கு சார் கிட்டாரைக் கழட்டுறீங்க?

வேணாமா? எது வேணாம்? இம்புட்டு நேரம் உக்காந்து என் வீட்டுக் கதை பூராம் கேட்டீங்க, வாசிச்சுப் பாக்க மட்டும் முடியாதா? காப்பின்னு நெனைக்கிறீங்களா? உக்காருங்க. உக்காருங்கன்னு சொல்றேன்ல! கையை உதறாதீங்க, எனக்குப் புடிக்காது. மைக்கைப் புடிங்க. ஒரு வரி. ஒரே ஒரு வரி பாடிட்டுப் போங்க, நான் புடிச்சுக்கிர்றேன்...

என்ன, ஃபேன் நிக்குது? கரண்டு போயிருச்சா? இல்லையே, பக்கத்து வீட்டுல டிவி ஓடுதே.

அழகுமீனா. மெயின் பெட்டிகிட்ட எதுக்குடி நிக்கிற? என்னத்துக்கு இப்படி மூச்சு வாங்க ஓடியாந்த? கையில என்ன, பியூஸ் கட்டையா? குடு அதை இங்க. குடுன்னு சொல்றேன்ல. வந்தவரு முன்னாடி என்னைய அவமானப்படுத்துறியா? வேணாம், என் கையை நீள வைக்காத.

என்ன சொன்ன?

ஏழு வருசம் கழிச்சு வாயைத் தொறந்து, என்ன சொன்ன நீ?

சார், இருங்க. போகாதீங்க. இவ சொன்னதைக் கேட்டீங்கல்ல? அடிங்க மாமாங்குறா. கண்ணுச்சாமி அண்ணனும் இதுக்குத்தான் ஓடுனாருங்குறா. இதே மாதிரி மெயினைப் புடுங்கத்தான் ஓடுனாரு, நீங்க விட்டிருந்தா உங்க தம்பி பொழைச்சிருப்பாருங்குறா. பொம்பளை எதையாச்சும் உளறுவா. அவளுக்கு என்ன தெரியும்? அவன் தப்புச் செஞ்சுட்டு ஓடுனான். அதான சார்? மெயினு மெயினுன்னு அவன் கத்துனது...

நீங்க வாசிக்கிறவரு. படிச்சவரு. உங்களுக்குத் தெரியும். அவன் எதுக்கு ஓடுனான்? சொல்லுங்க சார். ஏன் செவுத்தோட ஒட்டிக்கிட்டு நிக்கிறீங்க? பயப்படாதீங்க, என் கையில ஒண்ணும் இல்ல, பாருங்க.

அடிக்க மாட்டேன் சார். சொல்லுங்க.